ஊருக்குள் வேலை, ஊருக்கு வெளியே வீடு

சேலத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போன ஒரு கூலித் தொழிலாளியின் கதை சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஊரில் மழை பொய்த்தது. நிலமில்லாத அவருக்கு வேலையும் இல்லாமற் போயிற்று. 1961-ல் பம்பாய் போய்ச் சேர்ந்தார். ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்டு மறைத்த ஒரு குடிசைதான் வீடு. அதற்கே பேட்டை ஆள் ஒருவனுக்கு 2,500 ரூபாய் அழவேண்டியிருந்தது. மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் அதில் குடியிருந்தார். 1981 ஜூலையில் மாநகராட்சி ஆட்கள் வந்து குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். குடும்பத்தைச் சேலத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மனைவி மக்கள் சேலத்தில் தங்கிவிட்டனர். அவர் மட்டும் பம்பாய்க்கே திரும்பி, மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிசையில் புகுந்துகொண்டார்.

ஏன் திரும்பினார்? பம்பாய் மீது ஆசையா? இல்லை. வேலை அங்கேதான் இருந்தது.

ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று வக்கீல்கள் சொல்லும் அந்த வழக்கில், 1985 ஜூலையில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம்; ஆகவே பிழைக்கும் வழியும் அரசியல் சட்டம் தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றார்கள். ஆனால் நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை, நோட்டீஸ் கொடுத்து, மழைக்காலம் கழிந்தபின் அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னார்கள். ஏழைக்குத் தத்துவம் கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை.

நாற்பது வருஷங்களுக்குப் பின்னரும் இந்திய நகரங்களில் இதே கணக்குத்தான். அடித்து விரட்டுவது ஓரளவு குறைந்திருக்கிறது. அதற்குப் பதில் ஊருக்கு வெளியே ஒரு வீட்டைக் கொடுத்து அனுப்பிவைக்கிறார்கள். கையில் சாவி இருக்கிறது, சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது. பிழைப்பு மட்டும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிடுகிறது.

ஈஜிபுரா சொல்லும் பாடம்

பெங்களூரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில் சுமார் 15 ஏக்கர் நிலத்தில், பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கென்று அடுக்கு குவார்ட்டர்ஸ் கட்டப்பட்டது. கட்டிய வேலை மோசம். கட்டியபின் பராமரிப்பும் இல்லை. சில கட்டடங்கள் இடிந்து விழுந்தன. மிச்சமிருந்தவற்றையும் இடித்தார்கள். ஜனங்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள். மாநகராட்சி ஒரு தனியார் கட்டடக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. நிலத்தில் ஏறக்குறைய பாதியில் கடைகள் நிறைந்த ஒரு பெரிய மால். மறுபாதியில் ஏழைகளுக்கு அடுக்கு வீடுகள். இதுதான் ஏற்பாடு.

2013 ஜனவரியில் புல்டோசர்கள் வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இரண்டு மூன்று நாட்களில் தெருவுக்கு வந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று பல மொழி பேசுவோர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சர்ஜாபூர் சாலைப் பக்கம் சூளிகுண்டேயில் வீடு காட்டப்பட்டது. அது ஈஜிபுராவிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். சில குடும்பங்கள் போகவில்லை. தாங்கள் குடியிருந்த நிலத்தின் சுற்றுச்சுவரை ஒட்டியே, நடைபாதையில் வருஷக்கணக்கில் கிடந்தார்கள்.

வீடு கொடுத்தும் போகாதவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று பேசியவர்கள் உண்டு. அந்தப் பெண்களில் பலர் கோரமங்களா வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவர்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால் போதும். காலை ஆறரைக்கு ஒரு வீடு, எட்டுக்கு இன்னொரு வீடு, பத்துக்கு மூன்றாவது வீடு. இடையில் ஓடிவந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மத்தியானம் கஞ்சி வைக்க வேண்டும். சாயங்காலம் மறுபடி இரண்டு வீடு. வேலைக்கும் வீட்டுக்கும் நடந்துபோகிற தூரம் இருந்தால்தான் இது நடக்கும். இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்தில் வீடு கொடுத்தால், வீடு கிடைக்கும், வேலை போகும்.

போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 26 நாளைக்கு 78 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்றால், ஏறக்குறைய பத்து நாள் வேலை ரோட்டிலேயே கரைகிறது. பெண்களுக்குத்தான் 2023 ஜூன் முதல் பஸ்ஸில் இலவசமாயிற்றே என்று கேட்கலாம். அது பெரிய உதவிதான்; யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் டிக்கெட்டுதான் இலவசம், நேரம் இலவசமல்ல. புருஷனுக்கு டிக்கெட்டும் இலவசமல்ல. மெட்ரோவில் போகலாம் என்றால், 2025 பிப்ரவரியில் அதன் உயர்ந்தபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது.

சென்னை செய்த தவறு

இது கர்நாடகத்தின் குற்றம் மட்டுமல்ல. தமிழ்நாடு இதைவிடப் பெரிய அளவில் செய்திருக்கிறது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது எண்ணம் நன்றாக இருந்தது. ஜனங்கள் எங்கே இருந்தார்களோ அங்கேயே மூன்று நான்கு மாடிகள் எழுப்பிக் குடிவைத்தார்கள். சென்னையில் கடற்கரையோரத்திலும் நகரின் நடுவிலும் இன்றும் அந்தப் பழைய அடுக்குகளைப் பார்க்கலாம். அவற்றில் குறைகள் ஏராளம். ஆனால் மீன்காரர் கடலுக்குப் பக்கத்தில் இருந்தார். மூட்டை தூக்குகிறவர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தார்.

2000-க்குப் பிறகு போக்கு மாறியது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களில் இருபதாயிரத்துக்கும் மேல். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பின், லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். பெண்களுக்கு வேலை போயிற்று. பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். இன்னொன்றும் நடந்தது. வேலை கேட்டுப் போகும் இளைஞன் கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் முகம் சுளித்தார்கள். ஏழைகளை மட்டும் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் குவித்தால், அந்த இடத்தின் பெயரே அவர்கள் நெற்றியில் ஒட்டிய முத்திரையாகிவிடுகிறது. வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாறினதால் தூரம் குறையவில்லை.

பணக்கார நாடான அமெரிக்காவும் இந்தத் தவற்றைச் செய்தது. செயின்ட் லூயி நகரில் ப்ரூயிட்-ஐகோ என்ற பெயரில், 1950-களில் 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, ஏழைகளுக்கென்று கட்டினார்கள். பராமரிக்கப் பணம் ஒதுக்கவில்லை. இருபது வருஷம் நிற்கவில்லை; 1972-ல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள்.

ரயில்வேக்குத் தெரிந்த உண்மை

வேலைக்குப் பக்கத்தில் வீடு என்பது புதிய தத்துவம் அல்ல. ரயில்வேக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். நீராவி எஞ்சின் காலத்தில் லோகோ ஷெட்டுக்குப் பக்கத்திலேயே டிரைவர், பயர்மேன் குவார்ட்டர்ஸ் இருந்தன. நள்ளிரவில் கால்பாய் வந்து கதவைத் தட்டுவான். அரை மணியில் ஆள் ஷெட்டில் இருக்க வேண்டும். பாயிண்ட்ஸ்மேனுக்கும் கேங்மேனுக்கும் லைனுக்குப் பக்கத்தில் வீடு கொடுத்தது தயவினால் அல்ல. வண்டி ஓட வேண்டும் என்பதற்காக.

பெங்களூரிலும் அந்த அறிவு ஒரு காலத்தில் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கன்டோன்மென்ட்டில் ஏழைத் தொழிலாளர்களுக்கென்றே எழுந்தவை ஆஸ்டின் டவுனும் மர்பி டவுனும். இரண்டும் ஊரின் நடுவில் இருக்கின்றன. பின்னர் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகள் வந்தபோது கூடவே டவுன்ஷிப்புகளும் வந்தன. தொழிலாளியின் பிள்ளை அங்கேயே படித்தது, ஆஸ்பத்திரியும் அங்கேயே இருந்தது.

இப்போது இந்த ஊரை ஓடவைப்பவர்கள் யார்? விடியுமுன் தெருக்கூட்டும் பௌரகார்மிகர், கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், ஹோட்டலில் மாவாட்டுகிறவர், ஆஸ்பத்திரி ஆயா, காவலாளி, சாரத்தில் நிற்கும் சித்தாள். இவர்களில் ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் ஊர் நாறும். இவர்கள் வேலை ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. ஆகவே வீடும் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் 5,000 வீடு கட்டுவதற்குப் பதில், நூறு வட்டாரங்களில் 50 வீடு கட்டினாலும் கணக்கு அதே 5,000-தான். ஆனால் பலன் வேறு.

நிலம் எங்கே?

ஊருக்குள் நிலத்தின் விலை என்ன தெரியுமா என்று உத்தியோகஸ்தர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அரசாங்கத்துக்குச் சொந்தமான நிலம் ஊருக்குள் நிறையவே இருக்கிறது. சாந்திநகர், ஜெயநகர், யஷ்வந்தபூர் போன்ற இடங்களில் பஸ் நிலையங்களின் மேலே பல மாடிகள் எழுப்பி, கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் வாடகைக்கு விடத் திட்டமிட்டார்கள். பஸ் நிலையத்தின் மேல் ஆபீஸ் இருக்கலாமென்றால் இரண்டு மாடி வீடுகள் ஏன் இருக்கக்கூடாது? மாநகராட்சியின் பழைய குவார்ட்டர்ஸ், பழைய மார்க்கெட் கட்டடங்கள் எல்லாம் திரும்பக் கட்டும் நிலையில்தான் இருக்கின்றன. வட ஆற்காட்டிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் வியர்வை சிந்திய பின்னி மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அங்கே மில் தொழிலாளியின் பேரனுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

1 ஏக்கர், 2 ஏக்கருக்கு மேல் கட்டுகிற தனியார் திட்டங்களிலும் பங்கு கேட்கலாம். 2007-ல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட தேசிய நகர்ப்புற வீட்டுவசதிக் கொள்கை இதைச் சொல்கிறது. புதிய குடியிருப்புத் திட்டம் ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 சதவிகித நிலமோ, கட்டும் பரப்பில் 20 முதல் 25 சதவிகிதமோ ஏழைகளுக்கும் குறைந்த வருமானத்தாருக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் யோசனை. யோசனை காகிதத்தில் இருக்கிறது. அடுக்குமாடிகள் ஊர் முழுக்க இருக்கின்றன.

தவிர, மலிவான நிலம் உண்மையில் மலிவல்ல. ஊருக்கு வெளியே கட்டினால் ரோடு, குடிநீர்க் குழாய், பள்ளி, பஸ் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். போடாவிட்டால் அந்தச் செலவை ஏழை தன் நேரத்தாலும் உடம்பாலும் கட்டுகிறான். பட்ஜெட்டில் அது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

உண்மையான தடை நிலமல்ல; மனசு. லேஅவுட்டில் சைட்டு வாங்கி, கடன்பட்டு வீடு கட்டினவர்கள், பக்கத்தில் ஸ்லம் போர்டு வீடு வருகிறது என்றால் மனு எழுதுகிறார்கள். திருட்டு வரும், குப்பை சேரும், வீட்டு விலை விழும் என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்களில் தமிழ் குமாஸ்தாக்களும் இருக்கிறார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் ஸ்ரீராமபுரத்திலோ ஓக்கலிபுரத்திலோ ஒற்றை அறையில் ஆறு பேராக வளர்ந்து, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, உத்தியோகம் பிடித்து மேலே வந்தவர்கள் அதை மறக்கலாமா? அந்த ஒற்றை அறை ஊருக்குள் இருந்ததால்தான் பள்ளிக்கு நடந்துபோக முடிந்தது; தட்டெழுத்துப் பயிற்சிக்குச் சாயங்காலம் போக முடிந்தது. ஏறி வந்த ஏணியை இழுத்து மேலே போட்டுக்கொள்வது நியாயமல்ல.

அதே லேஅவுட்காரர்கள் வீட்டுக்கு வேலைக்காரி பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்கிறார்கள். காலையில் ஆறரைக்கு வர வேண்டும். ராத்திரி கண்ணில் படக்கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

ஒரே ஒரு ஐம்பது வீட்டுக் கட்டடம் ஒரு வட்டாரத்தை மாற்றிவிடாது. ஐயாயிரம் குடும்பங்களை ஓரிடத்தில் தள்ளி, வேலையும் பள்ளியும் இல்லாமல் விட்டால்தான் அவர்கள் பயப்படுகிறதெல்லாம் நடக்கும்.

தமிழர்களின் தனிக் கவலை

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி நடந்த கலவரத்தில் அதிகம் அடிபட்டவர்கள் குடிசைப் பகுதித் தமிழர்கள். 2016 செப்டம்பரிலும் பஸ்கள் எரிந்தன. ஆகவே தமிழர்கள் சேர்ந்தே இருந்தால்தான் பயமில்லை, பல இடத்தில் சிதறிப்போனால் யார் துணை என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். மாரியம்மன் கோவில், ஆடி மாசக் கூழ், தமிழ்ப் பத்திரிகை வரும் கடை, கஷ்டத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா, இவையெல்லாம் ஒரு தெருவில் சேர்ந்து இருந்ததால் உண்டானவை.

இது உதறித் தள்ளும் வாதமல்ல. ஒரு குடும்பத்தை இங்கும் ஒரு குடும்பத்தை அங்குமாகப் பிய்த்துப் போட்டால் அந்தத் துணை அற்றுப்போகும். அதனால்தான் ஐம்பது வீடு என்பது. கோவிலும் துணையும் நிலைக்க ஐம்பது போதும்; ஒரு வட்டாரத்தையே தனித் தீவாக்க ஐம்பது போதாது. இப்போது இருக்கும் வட்டாரத்திலேயே கட்ட வேண்டும் என்பதும் அதனால்தான். ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் ஒரு பெரிய காலனி பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. கலவர நாளில் அதுதான் தனித்துத் தெரியும். பத்து வருஷம் ஒரே குழாயடியில் நின்ற கன்னடக்கார அம்மாவும் உருது பேசும் பாயும் தரும் பாதுகாப்பை எந்தச் சுற்றுச்சுவரும் தராது.

சிங்கப்பூரில் பெரும்பாலான ஜனங்கள் அரசாங்க அடுக்கு வீடுகளில்தான் இருக்கிறார்கள். அங்கே 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லா இனத்தாரும் கலந்திருக்கும்படி அளவு வகுத்திருக்கிறார்கள். தனித்தனிப் பேட்டைகள் உருவாகாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. வீட்டை விற்கும்போது அதனால் சிறுபான்மையோருக்குச் சங்கடங்கள் உண்டு. ஆனாலும் தமிழ் அங்கே செத்துவிடவில்லை, கோவில்களும் மூடவில்லை. பெங்களூரில் தமிழர்கள் கேட்க வேண்டியது தமிழ்க் காலனி அல்ல. எல்லா மொழி ஏழைக்கும் ஊருக்குள் வீடு. அதில் தமிழனுக்கும் உரிய இடம்.

சுவர் மட்டும் போதாது

வீடு என்றால் நான்கு சுவர் என்று நினைத்ததால்தான் ஈஜிபுரா இடிந்தது. லிப்டு ரிப்பேர், தண்ணீர் மோட்டார், சாக்கடை இவற்றைப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும். அங்கன்வாடி வேண்டும், வேலைக்குப் போகும் தாய் குழந்தையை விட்டுப்போக இடம் வேண்டும். விலாசம் மாறினால் ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் பள்ளி மாற்றமும் அலைச்சலில்லாமல் நடக்க வேண்டும்.

வாடகை வீட்டையும் மறக்கக்கூடாது. எல்லோராலும் வீடு வாங்க முடியாது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்ட ஊர் இது. நேற்று தர்மபுரியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ வந்து இறங்கினவன் அதற்கு எங்கே போவான்? 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் மூட்டையோடு நெடுஞ்சாலையில் நடந்ததைப் பார்த்தபிறகுதான், மத்திய அரசாங்கம் அந்த வருஷம் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அது வட்டாரந்தோறும் வர வேண்டும்.

ஐந்து மாநகராட்சிகள்

இதைப் பேச இதுதான் சமயம். 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்தாயிற்று. மேலே ஒரு பெருநகர ஆணையம். இதில் ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. மத்திய மாநகராட்சி தன் ஏழைகளைக் கிழக்குக்கு அனுப்பும். கிழக்கு எல்லைக்கு அப்பால் தள்ளும். ஒவ்வொருவரும் கைகழுவினால் கடைசியில் யாரும் பொறுப்பல்ல.

பிரான்ஸில் 2000-ம் வருஷம் ஒரு சட்டம் செய்தார்கள். நகரப் பகுதிகளில் உள்ள ஊராட்சிகள், குறிப்பிட்ட மக்கள்தொகைக்கு மேற்பட்டவை, தங்கள் வீடுகளில் 20 சதவிகிதத்தைக் குறைந்த வாடகைப் பொது வீடுகளாக வைத்திருக்க வேண்டும். இல்லையேல் வருஷந்தோறும் அபராதம். பின்னர் பல ஊர்களுக்கு இதை 25 ஆக்கினார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டுச் சும்மாயிருக்கும் பணக்கார ஊர்களும் உண்டு. ஆனால் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமில்லை.

பெங்களூரிலும் அப்படி ஒரு விதி வேண்டும். ஐந்து மாநகராட்சிகளும் தத்தம் எல்லைக்குள் இருக்கும் ஏழைகளுக்குத் தத்தம் எல்லைக்குள்ளேயே வீடு தர வேண்டும். குடிசையைப் பிரிக்குமுன் நடந்துபோகும் தூரத்தில் மாற்று வீடு தயாராக இருக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எத்தனை வீடு கட்டினார்கள் என்பதை வருஷத்துக்கொரு முறை கன்னடத்திலும், மற்ற மொழிகளிலும் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். வார்டு கவுன்சிலர் பதவிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த வார்டில் எத்தனை வீடு, எந்தத் தெருவில்?

சேலத்துக்காரரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தார். வேலை இருக்கும் இடத்துக்கு மனிதன் திரும்பத்தான் செய்வான். திரும்பி வருகிறவன் நடைபாதையில் படுப்பதா, கதவுள்ள வீட்டில் படுப்பதா என்பதுதான் அரசாங்கம் தீர்மானிக்க வேண்டியது.